செத்த வீட்டுக்குக் கொண்டுபோன மீட்டர்

பென்சன் எடுத்தவர்கள் பழைய வேலைத்தலத்துக்குப் போனால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மூக்கை நுழைக்கக் கூடாது. இது தெரிந்துதான் போன கிழமை உங்கள் அணு மருத்துவப் பிரிவுக்கு வந்தேன். ஆனால் கண்ணும் காதும் பென்சன் எடுக்கவில்லையே. அயடீன் மருந்து குடித்து வீட்டுக்குப் போகப்போகும் ஒரு அம்மாவிடம், புதிதாக வந்த தம்பி ஒருவர், கொஞ்ச நாளைக்கு ஒருவரோடும் கிட்டப் பழக வேண்டாம் என்றார். அம்மா “ஓம்” என்று தலையாட்டினார். தம்பி அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

தம்பியில் எனக்குக் கோபமில்லை. அந்த “ஓம்”இல்தான் எனக்குப் பயம். எங்கள் ஆட்கள் விளங்கினாலும் ஓம் என்பார்கள், விளங்காவிட்டாலும் ஓம் என்பார்கள். வீட்டுக்குப் போய்த் தங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்றோடு அதைப் பொருத்திக்கொள்வார்கள். எதோடு பொருத்தினார்கள் என்பது ஒரு சிக்கல் வரும்வரை எங்களுக்குத் தெரியவராது. எனக்கு அது ஒரு செத்த வீட்டில் தெரியவந்தது.

கதையைச் சொல்லுமுன் பாடம் கொஞ்சம். சோதனைக்குப் படித்ததுதானே என்று தாண்டிப் போகாதீர்கள். சோதனைக்குப் படித்தது சோதனை மண்டபத்தோடு போய்விடும்.

நாங்கள் கொடுப்பது கதிர்வீசும் அயடீன், அதன் அணுவின் கருவுக்குள் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறுகிறது. மாறும் அந்தக் கணத்தில் ஓர் இலத்திரன் பிறந்து வெளியே பாய்கிறது. அது முன்பே உள்ளே ஒளிந்திருந்து தப்பி ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கருவுக்குள் இலத்திரன் இருந்ததே இல்லை, அந்தக் கணத்தில்தான் உண்டாகிறது. அது தசைக்குள் ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேல் போகாது. பக்கத்தில் இருக்கும் உயிர்க்கலத்தை அடித்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். தைரொயிட்டுச் சுரப்பியில் புற்று வந்தவருக்கு அதுதான் மருந்து. ஏனென்றால் உடம்பில் அந்தச் சுரப்பியின் கலம் எங்கே ஒளிந்திருந்தாலும் அயடீனை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

அந்த இலத்திரனால் அயலாருக்குத் தொந்தரவு இல்லை. ஆனால் அதே அணு கூடவே காமாக் கதிரையும் விடுகிறது. அது உடம்பைத் தாண்டி, சட்டையைத் தாண்டி, பக்கத்தில் இருப்பவரிடமும் போகும். இதைவிட இன்னொன்றும் உண்டு. உடம்பு வேண்டாத அயடீனைச் சிறுநீரில், வியர்வையில், எச்சிலில், கண்ணீரில் வெளியே தள்ளும். ஆகவே எங்களுக்கு இரண்டு கவலை. ஒன்று தொட்டால் ஒட்டுவது, மற்றது தொடாமலே வருவது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் இருந்தால் எங்கள் தொழிலில் பாதியைப் படித்த மாதிரி.

எந்த அணு எப்போது மாறும் என்று எவராலும் சொல்ல முடியாது. சூடாக்கினாலும், குளிரவைத்தாலும், மஞ்சள் தண்ணீர் தெளித்தாலும் அது கேட்காது. பெருந்தொகையாக எடுத்தால் எட்டு நாளில் பாதி மாறியிருக்கும், அதைத்தான் அரைவாழ்வுக்காலம் என்கிறோம். நல்ல வேளையாக, சுரப்பியை வெட்டி எடுத்தவரின் உடம்பு அதைவிட வேகமாக மருந்தைத் தள்ளிவிடும். பாடம் இவ்வளவுதான்.

தவமலர் வடமராட்சிக் கரையோரத்துப் பெண். அண்ணன்மார் கடலுக்குப் போகிறவர்கள். அவள் கலியாணம் கட்டவில்லை, தாயோடு இருந்து தாயைப் பார்த்துக்கொண்டவள். சத்திரசிகிச்சை முடிந்து எங்களிடம் அயடீனுக்கு வந்தாள். தனியறையில் வைத்திருந்து, கதிரின் அளவு இறங்கியபின், வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். அவளுடைய தங்கை கௌரி நெடுங்காலம் பிள்ளை இல்லாமல் இருந்து, அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்து நின்றாள். ஆகவே தவமலருக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது கௌரியைப் பற்றித்தான். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் தொண்டையிலும் அந்தச் சுரப்பி வளர்ந்துகொண்டிருக்கும், அது அயடீனைக் கண்டால் விடாது என்றேன். தவமலர் கெட்டிக்காரி, சட்டென்று விளங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனபின் எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஒருமுறை போன் எடுத்தேன். பெருமையோடு சொன்னாள். கதிர், அணு என்று கதைத்தால் ஊர் பயந்து ஓடும், நாளைக்குத் தங்கைக்கும் பேச்சு வரும். அதனால் வீட்டில் அவள் வேறு மாதிரிச் சொல்லிவிட்டாளாம்.

“துடக்கு மாதிரி நினையுங்கோ எண்டு சொன்னன், மிஸ். ஒரு கேள்வி இல்லை. எல்லாரும் விலத்தித்தான் நிக்கினம்.”

துடக்கு என்றால் உங்களுக்குத் தெரியும். பிறப்பும் சாவும் வந்தால் வீட்டைப் பிடிக்கும் தீட்டு. நகரத்துப் பிள்ளைகள் சிரிக்கலாம். கடலுக்குப் போகும் வீடுகளில் அது சிரிப்பு விஷயம் இல்லை, துடக்குக்காரரின் கை வலையில் படக் கூடாது. தவமலருக்குக் கொடுத்த பின்வளவு அறையில் இருந்த வலைகளைக்கூட அண்ணன்மார் தூக்கி வெளியே வைத்திருக்கிறார்கள். அவளுக்குத் தனிக் கோப்பை, தனி வாளி, தனிப் பாய். நாங்கள் மணிக்கணக்காகச் சொல்லியும் நடக்காத ஒழுங்கு ஒரு சொல்லில் நடந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சில நாள் போயிருக்கும். காலையில் வேலை தொடங்கும் நேரம் அவளிடமிருந்து போன் வந்தது. குரல் அடைத்திருந்தது. முதல் நாள் தாய் நெஞ்சுவலி என்று சாய்ந்தவர் எழும்பவில்லை. பின்னேரம் எடுக்கப்போகிறார்கள்.

“அம்மா விறாந்தையிலை கிடக்கிறா, மிஸ். நான் அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை இருக்கிறன்.”

ஏன் பூட்டினாய் என்று கேட்டேன்.

“பெரியம்மா சொல்லுறா, இப்ப வீட்டிலை எல்லாருக்கும் துடக்குத்தானே, இனி ஆரை ஆர் விலத்துறது, எல்லாருக்கும் ஒண்டுதான் எண்டு. கௌரி கட்டிப்பிடிச்சு அழ வேணும் எண்டு கதவைத் தட்டிக்கொண்டு நிக்கிறாள். நான் திறக்கிறதோ, விடுறதோ?”

பாருங்கள், எவ்வளவு நேரான நியாயம். துடக்கு இல்லாதவர் துடக்குள்ளவரை விலத்த வேண்டும். தாய் செத்ததும் குடும்பம் முழுவதும் துடக்காகிவிட்டது. துடக்குக்காரி துடக்குக்காரியைத் தொட்டால் என்ன? இத்தனை நாள் எங்களுக்காகக் காவல் நின்ற அதே வழக்கம் இப்போது கதவைத் திறந்துவிடச் சொல்கிறது. பெரியம்மாவின் நியாயத்தில் ஒரு பிழையும் இல்லை. தவமலரின் உடம்பில் இருந்தது துடக்கு இல்லை என்பதைத் தவிர.

எங்கள் வைத்தியர் கொழும்பில் ஒரு கூட்டத்தில் இருந்தார், போன் எடுபடவில்லை. நான் அப்போது செய்யக்கூடியது இரண்டு இருந்தது. “நீ வெளியே போகாதே” என்று போனிலேயே சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் என்னில் ஒருவரும் குற்றம் காண முடியாது, சட்டப்புத்தகமும் என் பக்கம். ஆனால் தாய்க்கு வாய்க்கரிசி போடாமல் ஒருத்தி பூட்டிய அறைக்குள் இருந்திருப்பாள். ஊர் அவளை ஆயுளுக்கும் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லும். “போ, கவனமாக நில்” என்றும் சொல்லலாம். செத்த வீட்டில் கவனமாக நிற்பது எப்படி? எங்கள் பெண்கள் தனியாக அழுவதில்லை, வருகிறவர்கள் ஒவ்வொருவரும் கழுத்தைக் கட்டித்தான் அழுவார்கள். கௌரி முதல் ஆளாய் வந்து விழுவாள்.

இதில் உங்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். காணாத இடத்தைப் பற்றிப் போனில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எவ்வளவு மருந்து மிச்சம், யார் எங்கே நிற்பார்கள், எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று தெரியாமல் நான் சொல்லும் “ஓம்”உம் “இல்லை”யும் உங்கள் பிரிவில் கண்ட அந்த அம்மாவின் “ஓம்” மாதிரித்தான். கதவைத் திறக்காதே, நான் வாறன் என்று தவமலரிடம் சொல்லிவிட்டு, பொறுப்பானவரிடம் கேட்டுக் கதிர் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

வழி முழுவதும் கணக்குத்தான். எவ்வளவு கொடுத்தோம், போகும்போது எவ்வளவு இருந்தது, இன்று எவ்வளவு இருக்கலாம். கடதாசியில் கணக்கு நல்லாகத்தான் வந்தது. ஆனால் கடதாசியில் கௌரி இல்லையே.

வளவில் பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் தேவார ஓதல் போய்க்கொண்டிருந்தது. ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள், விறாந்தையில் பெட்டியைச் சுற்றிப் பெண்கள். நான் முதலில் பின்வளவுக்குப் போனேன். அங்கே தவமலரின் அறை யன்னலோடு ஒட்டினபடி ஒரு பிளாஸ்ரிக் கதிரை கிடந்தது. யாருக்கு என்று யன்னலால் தவமலரிடம் கேட்டேன். கௌரிக்காம். பின்னேரம் பின்னேரம் வந்திருந்து தமக்கையோடு கதைத்துக்கொண்டிருப்பாளாம். தொடுவதில்லையாம், ஒரு சாமானும் கைமாறுவதில்லையாம்.

துடக்குக்குத் தொடுவதுதான் கணக்கு, தூரம் கணக்கில்லை. கையெட்டும் தூரத்தில் மணிக்கணக்காக இருந்தாலும் தொடாவிட்டால் சரி. காமாக் கதிருக்கு அந்தச் சட்டம் தெரியாது. யன்னலுக்கு அந்தப் பக்கம் நீ எங்கே இருப்பாய் என்று கேட்டேன். தூர மூலையில், பாயில் என்றாள். கிட்ட வர அவளுக்கே மனம் வரவில்லையாம். அங்கேயே போய் இரு என்று சொல்லி, கதிரையில் மீட்டரைப் பிடித்தேன். இடையில் கல்லுச் சுவர். சுவரும் தூரமும் தங்கள் வேலையைச் செய்திருந்தன. இன்றைய அளவிலிருந்து முந்தின நாட்களுக்கும் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பிள்ளைக்குப் பயப்படும்படி ஒன்றும் இல்லை. தவமலர் எங்கள் சொல்லை விளங்கிக்கொண்டிருந்தாள், வீட்டார் அவளுடைய சொல்லை விளங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தக் கதிரை கிடந்தது.

பிறகு கதவைத் திறக்கச் சொல்லித் தவமலரையே அளந்தேன். நினைத்ததிலும் குறைவு. வளர்ந்தவர்கள் கொஞ்ச நேரம் கிட்ட நின்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. கௌரிதான் சிக்கல். அதிலும் காமாக் கதிரைவிட எனக்குப் பயம் தந்தது தவமலரின் முகத்தில் வழிந்துகொண்டிருந்த கண்ணீர். அந்த முகம் கௌரியின் முகத்தில் படும், கண்ணீர் அவளுடைய வாய்க்கும் போகும், அங்கிருந்து பிள்ளைக்கு. மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் தவிர்க்கக்கூடிய கொஞ்சம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு குறுக்குவழி தெரிந்தது. கர்ப்பிணிகள் செத்த வீட்டில் பிரேதத்துக்குக் கிட்ட நிற்கக் கூடாது என்று எங்களிடம் ஒரு வழக்கம் உண்டுதானே. பெற்ற தாய் என்றபடியால்தான் கௌரியை ஒருவரும் தடுக்கவில்லை. பெரியம்மாவின் காதில் அதை மெல்லப் போட்டால் போதும், கௌரியை உள்ளே பூட்டிவிடுவார்கள். ஒரு கேள்வி வராது. என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் அப்படிச் செய்தால் தாய் முகத்தைப் பார்க்காமல் இருக்கப்போவது கௌரி. நாளைக்குப் பிள்ளை பிறந்தவுடன் அந்த வழக்கமும் முடிந்துவிடும், உடனே பிள்ளையைத் தமக்கையின் மடியில் வைப்பார்கள். துடக்கைச் சொல்லி ஒருமுறை இங்கே வந்து நிற்கிறோம். ஓட்டை விழுந்த வள்ளத்தை இன்னொரு ஓட்டை வள்ளத்தில் கட்டி இழுக்க முடியாது. உள்ளதைச் சொல்வது என்று முடிவெடுத்தேன்.

பெரியம்மா செத்தவரின் மூத்த சகோதரி. அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல். மெலிந்த, கறுத்த, உறைத்த பார்வை உள்ள மனுசி. நான் ஆஸ்பத்திரி என்றதும் முகத்தைத் திருப்பினார். தாய் செத்துக் கிடக்க மகளைப் பூட்டி வைக்கச் சொன்ன ஆட்கள்தானே நாங்கள். இது துடக்கு இல்லை, தவமலர் உங்களைப் பயப்படுத்தாமல் இருக்க அப்படிச் சொன்னாள் என்று தொடங்கினேன். மருந்தில் இருந்து ஒரு கதிர் வருகிறது, அடுப்புச் சூடு மாதிரி, தொட வேண்டியதில்லை, கிட்ட இருந்தாலே படும், தள்ளி இருந்தால் குறையும் என்றேன்.

“முழுகினாப் போகாதோ?”

“போகாது. தானாத்தான் ஆறும். கனக்க ஆறிட்டுது, இன்னும் கொஞ்சம் இருக்கு.”

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வாயால் எதையும் சொல்லலாம் என்ற பார்வை. நான் மீட்டரைக் காட்டி, இது அந்தக் கதிர் பட்டால் சத்தம் போடும் என்றேன். பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுப் பந்தல் பக்கம் கையை உயர்த்தினார்.

“உந்த ஸ்பீக்கரை நிப்பாட்டுங்கோ.”

ஓதல் நின்றது. செத்த வீட்டில் திடீரென்று சத்தம் நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். தவமலர் அறை வாசலில் நின்றாள். நான் முற்றத்தின் இந்தப் பக்கத்திலிருந்து மீட்டரைப் பிடித்தபடி அவளை நோக்கி நடந்தேன். முதலில் எப்போதோ ஒரு டிக். கிட்டப் போகப் போக டிக் டிக் என்று அடுக்கியது, அவளுக்கு முன்னால் நின்றபோது பொரி மாதிரிப் பொரிந்தது. திரும்பி வரும்போது மெல்ல மெல்ல ஓய்ந்தது. பெரியம்மா மீட்டரைத் தன் கையில் வாங்கி, தானே ஒருமுறை தவமலர்வரை போய்த் திரும்பி வந்தார். எத்தனையோ பேருக்கு நான் விரிவுரை எடுத்திருக்கிறேன். அவ்வளவு கவனமாகக் கேட்ட மாணவி எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு ஒழுங்கு செய்தது நான் இல்லை, பெரியம்மாதான். முதலில் கௌரி. வேண்டிய நேரம் தாயோடு இருக்கட்டும், அரிசி போடட்டும், அழட்டும். பிறகு சமையல் குசினி விறாந்தையில் போய் நிற்க வேண்டும், முற்றத்துக்கு அந்தப் பக்கம். அதன் பிறகு தவமலர். பிள்ளை பிறந்தபின்னும் நான் சொல்லும்வரை தவமலர் அதைத் தூக்கக் கூடாது. இது கடைசியாகப் பெரியம்மா தானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

கௌரி போனபின் தவமலர் வந்தாள். கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லியிருந்தேன். என் பையில் கையுறை இருந்தது. தாய்க்குக் கையுறையோடு அரிசி போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தேவையும் இருக்கவில்லை. அவள் அரிசியைப் போட்டாள். தாயின் நெற்றியைத் தடவினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

ஒருவரும் கிட்ட இல்லை.

பெட்டியைச் சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் பின்னுக்குப் போய்ச் சுவரோடு ஒதுங்கிவிட்டார்கள். மீட்டரின் சத்தத்தைக் கேட்டவர்கள் அல்லவா. துடக்கு என்று நினைத்தபோது ஒருவரும் அவளுக்குப் பயப்படவில்லை, விலத்தினார்கள், அவ்வளவுதான். இப்போது பயந்தார்கள். நான் சொன்னது முழு உண்மை. அந்த உண்மை நடு விறாந்தையில் அவளைத் தனியாக நிறுத்திவிட்டது. முற்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து கௌரி, “அக்கா, நான் இஞ்சதான் நிக்கிறன்” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தவமலருக்கு அழுகை வரவில்லை. இரண்டு கையும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின.

அழுகையை நிறுத்தப் போனவள் இல்லை நான். ஒரு பிள்ளையைக் காக்கப் போனவள்.

அந்த நேரத்தில் கைகொடுத்தது வழியில் போட்ட கணக்குத்தான். கதிர் எவ்வளவு என்று மட்டும் கேட்கக் கூடாது, யாருக்கு, எவ்வளவு நேரம் என்றும் கேட்க வேண்டும். பிள்ளை பெறும் வயதைத் தாண்டினவள் நான். கொஞ்ச நேரம் கட்டிப்பிடித்தால் எனக்குக் கிடைக்கப்போவது வேலைத்தலத்தில் நான் வழமையாக வாங்குவதோடு ஒப்பிட்டால் ஒரு பேச்சே இல்லை. மீட்டரை நிறுத்திக் கதிரையில் வைத்துவிட்டு விறாந்தையில் ஏறினேன். தவமலர் பின்னுக்குப் போனாள்.

“மிஸ், வேண்டாம். கிட்ட வராதேங்கோ.”

“எனக்குக் கணக்குத் தெரியும், பிள்ளை. வா.”

கழுத்தைக் கட்டினேன். அவள் என் தோளில் முகத்தை வைத்து, அதற்குப் பிறகுதான் அழுதாள். அவளுடைய தாயை நான் உயிரோடு கண்டதில்லை. ஆனாலும் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். கொஞ்சத்தில் பின்னாலிருந்து என்னை ஒரு மெலிந்த கை விலக்கியது.

“விடுங்கோ, மிஸ். உங்கடை பங்கு காணும். என்ரை வயசுக்குக் கதிர் வந்து என்னத்தைப் புடுங்கப் போகுது?”

பெரியம்மா தவமலரைக் கட்டிக்கொண்டார். அவருக்குப் பிறகு இன்னொரு கிழவி. பிறகு இன்னொருவர். இளம் பெண்களை நான் கையைக் காட்டித் தள்ளி நிறுத்தினேன். எந்த வயதுக்காரர் வரலாம், எவ்வளவு நேரம் என்று பெண்களே ஆளுக்காள் சொல்லிக்கொண்டார்கள். என் விரிவுரையை அதன்பிறகு அவர்கள் எடுத்தார்கள். ஒலிபெருக்கியை மறுபடி போடச் சொன்னது யாரென்று தெரியவில்லை.

பிரிவுக்குத் திரும்பி வந்ததும் செய்ய வேண்டியதைச் செய்தேன். என்னையே அளந்தேன். கையில் ஒன்றுமில்லை, காலில் ஒன்றுமில்லை. இடது தோளில் மீட்டர் டிக் டிக் என்றது. அவளுடைய கண்ணீர் பட்ட இடம். மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு, பிளவுஸைப் பையில் போட்டுக் கட்டி, மருந்து ஆறும்வரை கழிவுகளை வைக்கும் அறையில் வைத்தேன். துக்கத்துக்கும் அரைவாழ்வுக்காலம் உண்டு என்று யாராவது கவிதை எழுதப் போனால் தடுங்கள். அயடீனுக்கு உண்டு, கணக்கும் உண்டு. மற்றதற்கு எனக்குக் கணக்குத் தெரியாது.

கௌரிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நல்ல சுகம். நான் சொன்ன காலமும் தாண்டி, அதற்குமேலும் நாட்கள் போனபின், ஒரு காலையில் மூன்று பெண்களும் பிள்ளையோடு பிரிவு வாசலில் வந்து நின்றார்கள். தவமலர் இன்னும் பிள்ளையைத் தூக்கவில்லையாம். நான் போனில் ஓம் என்று சொன்னது அவளுக்குப் போதவில்லை. மீட்டர் சொல்ல வேண்டுமாம்.

தேவையில்லை என்று எனக்குத் தெரியும். தேவையில்லாமல் அளப்பது பயத்தை வளர்க்கும் என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீட்டரை எடுத்தேன். கழுத்தடியில் பிடித்தேன். அமைதி. பிறகு ஒரு டிக். கொஞ்சம் கழித்து இன்னொன்று.

தவமலரின் முகம் செத்துவிட்டது. “இன்னும் இருக்கே, மிஸ்.”

மீட்டரைப் பெரியம்மாவிடம் பிடித்தேன். ஒரு டிக், கொஞ்சம் கழித்து இன்னொன்று. என்னிடம் பிடித்தேன், அதேதான். வெறும் சுவரில் பிடித்தேன், அதேதான். கடைசியாகக் கௌரியின் கையில் நித்திரையாய் இருந்த பிள்ளையிடம் பிடித்தேன். டிக்.

இது அயடீன் இல்லை என்றேன். மண்ணிலிருந்து வருகிறது, கல்லிலிருந்து வருகிறது, வானத்திலிருந்தும் வருகிறது. சாப்பாட்டோடு சேர்ந்து எங்கள் எலும்பிலும் தசையிலும் கொஞ்சம் இருக்கிறது. உலகம் தொடங்கினதிலிருந்து இருக்கிறது, பிறக்கிற பிள்ளையும் இதோடுதான் பிறக்கிறது. இது இல்லாத ஆள் ஒருவரும் இல்லை.

பெரியம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“இதைத்தானே நான் அண்டைக்கே சொன்னனான். எல்லாருக்கும் ஒண்டுதான்.”

தவமலர் மீட்டரை ஒருமுறை பார்த்தாள். பிறகு பிள்ளைக்காகக் கையை நீட்டினாள்.